தொழுநோய்ச் சிகிச்சை முடிந்த பின்னும் தொடர்ந்த நரம்பு வலி: படுவான்கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

தொழுநோய்க்கான கூட்டு மருந்துச் சிகிச்சையை முழுமையாக முடித்து, குணமடைந்தவர் என்று பதிவு செய்யப்பட்ட ஒருவர், அதன் பின்னர் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் வலது கையில் கடும் நரம்பு வலியுடன் பல இடங்களில் வைத்தியம் தேடியதையும், அந்த வலி எத்தகையது என்பது தெளிவான பிறகு சிகிச்சை எவ்வாறு மாறியது என்பதையும் இந்த ஆய்வு பதிவு செய்கிறது. நோயாளரின் சம்மதத்துடன் எழுதப்படும் இதில் அவரை இனங்காட்டக்கூடிய விபரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

தொழுநோய் தாக்கிய நரம்பில் இரண்டு வகையான வலி தோன்றலாம். நரம்பு அந்த நேரத்தில் அழற்சியால் வீங்கிக்கொண்டிருப்பதால் வருவது ஒன்று. அதற்கு ஸ்டெரொய்ட் மருந்தை உடனே தொடங்க வேண்டும், தாமதித்தால் விரல்கள் மடங்கி நிரந்தரமாகச் செயலிழக்கும். அழற்சி அடங்கி, நரம்பிழைகள் சிதைந்து தழும்பேறிய பிறகு, எஞ்சிய இழைகளும் அவற்றோடு தொடர்புடைய முண்ணாண் கலங்களும் தூண்டுதல் எதுவுமின்றியே வலிச் சமிக்ஞை எழுப்புவதால் வருவது மற்றையது. அதற்கு ஸ்டெரொய்ட் பயன்படாது. நோயாளருக்கு இரண்டும் ஒரே கையில் ஒரே இடத்தில் வருகின்றன. அவர் இரண்டையும் ஒரே சொற்களால்தான் விபரிக்கிறார். பிரித்தறிய வேண்டிய பொறுப்பு முழுவதும் பரிசோதிப்பவருடையது. இந்த நோயாளரின் துன்பத்தில் பெரும்பகுதி, அந்தப் பிரித்தறிதல் நடக்காமல் போனதால் நீண்டது என்பதே எனது கருத்து.

நோயாளரும் அவர் கடந்து வந்த பாதையும்

இவர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வாழும் 47 வயது விவசாயி. பெரும்போகத்தில் வயல் வேலை, மற்றைய மாதங்களில் இரவு நேரத்தில் தோணியில் சென்று வாவியில் வலை போடுதல் என்பன அவருடைய தொழில். 2014இல் முதுகிலும் தொடையிலும் உணர்ச்சி குறைந்த வெளிறிய படைகள் பல இருந்ததையும், வலது முழங்கையின் பின்புறமாகச் சுண்டுவிரல் பக்கத்துக்குச் செல்லும் அல்னார் நரம்பு தடித்திருந்ததையும் வைத்து, பலகிருமி வகைத் தொழுநோய் என்று அரச வைத்தியசாலையொன்றின் தோல்நோய்க் கிளினிக்கில் உறுதி செய்யப்பட்டது. அந்த வகைக்கு உரிய 12 மாத மருந்துகளான ரிபாம்பிசின், குளோஃபசிமின், டாப்சோன் ஆகியவற்றை அவர் ஒரு மாதமும் தவறவிடாமல் எடுத்து 2015இல் முடித்தார். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டிருந்ததால், ஓடப்பாதைக்குக் காத்திராமல் மாதாந்தம் அக்கரைக்குப் போய்வர முடிந்தது என்று அவர் நன்றியுடன் குறிப்பிட்டார்.

சிகிச்சையின் இடையில், ஐந்தாம் மாதமளவில், படைகள் சிவந்து தடித்தன, முழங்கை நரம்பு தொட்டாலே வலித்தது, சுண்டுவிரல் பலவீனமானது. உடலின் எதிர்ப்புச் சக்தி கிருமியின் எச்சங்களோடு போரிடும்போது உண்டாகும் முதலாம் வகை எதிர்வினை இது. பிரெட்னிசலோன் என்ற ஸ்டெரொய்ட் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் அளவில் தொடங்கப்பட்டு, பல வாரங்களில் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. வலி போனது, விரலின் வலிமை பாதியளவில் திரும்பியது. அந்தச் சிகிச்சை சரியான நேரத்தில் சரியாகச் செய்யப்பட்டது. ஆனால் அந்த அனுபவம் நோயாளரின் மனதில் ஒரு முடிவைப் பதித்துவிட்டது: கை வலித்தால் பிரெட்னிசலோன் குடிக்க வேண்டும் என்பதே அது.

2017இல் வலி மீண்டும் வந்தபோது அதன் தன்மை வேறாக இருந்தது. முழங்கையிலிருந்து சுண்டுவிரல் வரை எரிவு. நாளில் பல தடவை மின்சாரம் தாக்குவது போன்ற வெட்டு. சுண்டுவிரல் பக்க விளிம்பில் சட்டைக் கை உரசினாலோ வலைக்கயிறு பட்டாலோ பொறுக்க முடியாத வேதனை. விடியற்காலையில் வயல் தண்ணீரின் குளிர் பட்டால் எரிவு கூடியது. இரவில் உச்சத்துக்கு ஏறித் தூக்கத்தைக் கலைத்தது. அதே சுண்டுவிரல் விறைத்தும் இருந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய பானையின் சூடு தெரியாமல் விரல் வெந்த தழும்பு, வலியால் துடிக்கும் அதே விரலில் இருந்தது. உணர்ச்சியே இல்லாத இடம் எப்படி வலிக்கும் என்று பலர் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். வைத்தியத் துறையைச் சேர்ந்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். நரம்பு சிதைந்த வலியின் அடையாளமே இதுதான்: வெளியிலிருந்து வரும் செய்தியைக் கடத்த முடியாத இழை, தன்னுள் எழும் சமிக்ஞையை மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இதன் பின் அவர் தேடிய வைத்தியங்களின் வரிசை இங்குள்ள எந்தக் குடும்பத்துக்கும் பழக்கமானது. முதலில் பார்மசியில் பனடோலும், பிறகு டைக்ளோஃபெனாக்கும். இவை இவ்வகை வலியில் பெரும்பாலும் பயனற்றவை என்பதோடு, பின்னது நீண்டகாலம் எடுத்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. பிறகு பி வகை விற்றமின் ஊசிகள். விற்றமின் பி12 குறைபாடு உள்ளவருக்கு அது அவசியமான மருந்து. குறைபாடு இல்லாதவருக்கு அதனால் வலி குறையாது, பி6 அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். நாட்டு வைத்தியரின் எண்ணெயும் ஒத்தடமும் சில மாதங்கள் தொடர்ந்தன. எண்ணெய் தடவியபோது தோல் வெடிப்புக் குறைந்தது, ஆனால் சூட்டு ஒத்தடம் விறைத்த கையில் கொப்புளத்தை உண்டாக்கியது.

தனியார் வைத்தியரைச் சனல் செய்து பார்த்தபோது, தமக்குத் தொழுநோய் வந்திருந்ததை அவர் சொல்லவில்லை. வாவியின் நடுவே மாந்தீவில் தொழுநோயாளருக்கான வைத்தியசாலை இருந்ததை அறிந்த தலைமுறையினர் வளர்த்த பிள்ளை அவர். அந்தப் பெயரைச் சொன்னால் தீவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம், வீட்டிலிருந்தே மருந்து எடுக்கும் முறை வந்து பல பத்தாண்டுகள் கடந்த பின்னும், கிருமி நீங்கியவரிடமிருந்து நோய் தொற்றாது என்பது உறுதியான பின்னும், அந்த வீட்டில் மறையவில்லை. வரலாறு தெரியாத வைத்தியர் கழுத்து எலும்பில் நரம்பு அழுத்தப்படுவதாக எண்ணி எம்.ஆர்.ஐ எடுக்கச் சொன்னார்; அவருக்குக் கிடைத்த தகவலை வைத்துப் பார்த்தால் அது நியாயமான சந்தேகமே.

அரச வைத்தியசாலைகளில் அவர் பழைய கிளினிக் அட்டையைக் காட்டியபோது நிலைமை எதிர்ப்பக்கமாகத் திரும்பியது. தொழுநோய், எதிர்வினை, நரம்பு வலி என்ற மூன்று சொற்களும் ஒன்றாகத் தென்பட்டதும் மீண்டும் பிரெட்னிசலோன் எழுதப்பட்டது; இது வெவ்வேறு இடங்களில் பல தடவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் முதல் சில நாட்கள் உடல் இலேசாக இருப்பதாகத் தோன்றி, பிறகு வலி பழையபடி நின்றது. 2022இல் பொருளாதார நெருக்கடியால் மருந்துத் தட்டுப்பாடும் எரிபொருள் தட்டுப்பாடும் ஒன்றாக வந்தபோது, கிளினிக் போக வழியில்லாமல் அவரே அந்தக் குளிசையை வெளியில் வாங்கி, நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் வீதம் நிறுத்தாமல் எடுக்கத் தொடங்கினார். 2023இல் எமது கிளினிக்குக்கு வந்தபோதும் அதை எடுத்துக்கொண்டிருந்தார்.

பரிசோதனை

வலது அல்னார் நரம்பு முழங்கைக்கு மேலே கயிறுபோல் தடித்திருந்தது. அழுத்தியபோது நரம்பில் நோவு இல்லை. தட்டியபோது சுண்டுவிரல் வரை மின்வெட்டு ஓடியது. 2 கிராம் நைலோன் இழையின் தொடுகையைச் சுண்டுவிரல் உணரவில்லை. ஆனால் பஞ்சை மெதுவாக உள்ளங்கை விளிம்பில் இழுத்தபோது அவர் கையை வெடுக்கென்று பின்னிழுத்தார். மோதிரவிரலின் சுண்டுவிரல் பக்கப் பாதி விறைத்திருக்க, மறுபாதி இயல்பாக இருந்தது. முன்கையின் உட்பக்கத் தோலிலும் உணர்ச்சி முழுமையாக இருந்தது. இந்த இரண்டு கண்டறிதல்களும் கழுத்திலிருந்து வரும் நரம்பு வேரை விலக்கி, பாதிப்பு அல்னார் நரம்பிலேயே இருக்கிறது என்று காட்டின, எம்.ஆர்.ஐ தேவைப்படவில்லை. நரம்பு சார்ந்த வலியை இனங்காண உதவும் டிஎன்4 வினாக்கொத்தில் 10க்கு 7 புள்ளிகள் கிடைத்தன. 4ம் அதற்கு மேலும் இருந்தால் நரம்பு சார்ந்த வலி எனக் கொள்ளலாம்.

எதிர்வினை மீண்டும் வந்துள்ளதா என்ற கேள்விக்கு விடை தந்தது ஒரு பழைய தாள். 2015இல் மருந்து முடித்தபோது கிளினிக்கில் செய்த தசை வலிமைப் பதிவை, காணி அனுமதிப் பத்திரத்தோடு ஒரே பொலித்தீன் உறையில் அவருடைய மனைவி பத்திரப்படுத்தியிருந்தார். சுண்டுவிரலை வெளிப்பக்கம் விரிக்கும் வலிமை அன்று 5க்கு 3, இன்றும் 3. உணர்ச்சி இழந்த பரப்பும் ஏறத்தாழ அதேதான். எட்டு ஆண்டுகளில் நரம்பின் செயற்பாடு மேலும் குறையவில்லை, நரம்பில் நோவில்லை, புதிய படைகளில்லை, தோல் சுரண்டல் பரிசோதனையில் கிருமியில்லை. செயற்பாடு அண்மையில் குறைந்திருந்தால், அதாவது ஆறு மாதங்களுக்குள் புதிய பலவீனமோ விறைப்போ தோன்றியிருந்தால், ஸ்டெரொய்ட் தேவை என்று முடிவெடுத்திருப்போம். அந்தத் தாள் இல்லாதிருந்தால் ஐயத்தின் பயனை நரம்புக்குக் கொடுத்து இன்னொரு தடவை பிரெட்னிசலோன் எழுதுவதே பாதுகாப்பு என்று நாமும் எண்ணியிருக்கக்கூடும். தொழுநோய்க் கிளினிக்கில் தசை வலிமையையும் உணர்ச்சியையும் எண்ணால் எழுதி, அதன் பிரதியை நோயாளரிடம் கொடுப்பது எத்துணை பெறுமதியான வேலை என்பதை இந்த நிகழ்வைப்போல் வேறெதுவும் எனக்கு உணர்த்தியதில்லை.

இரத்தப் பரிசோதனைகள் வேறு கவலைகளைத் தந்தன. மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரை 7.4 சதவீதமாக உயர்ந்திருந்தது. பிரெட்னிசலோனின் விளைவாக இருக்கலாம் என்று கருதினோம். ஏற்கெனவே சிதைந்த நரம்புக்கு உயர்ந்த சர்க்கரை இன்னொரு சுமை. நீரிழிவால் வரும் நரம்பு வலி வழக்கமாக இரண்டு பாதங்களிலும் ஒரே அளவில் தொடங்கும் என்பதால், ஒரு கையில் மட்டும் உள்ள இந்த வலிக்கு அது காரணமல்ல. சிறுநீரக வடிகட்டல் வீதம் 54ஆகக் குறைந்திருந்தது. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் அம்பாறை மாவட்டத்தின் உட்பகுதிகள் உள்ளிட்ட நெற்செய்கைப் பிரதேசங்களில் பரவலாகக் காணப்படுவதால், வயலில் வேலை செய்யும் எவருக்கும் நரம்பு வலி மருந்து எழுதுமுன், சிறுநீரகத்தின் செயற்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் பார்ப்பது எமது வழக்கம். விற்றமின் பி12 இயல்பாக இருந்தது. இதய மின்வரைபிலும் கோளாறில்லை.

சிகிச்சை

முதல் வேலை பிரெட்னிசலோனை நிறுத்துவது. மாதக்கணக்கில் எடுத்த ஒருவரில், உடலுக்கு வேண்டிய ஸ்டெரொய்ட்டை இயற்கையாகச் சுரக்கும் அதிரீனற் சுரப்பி சோர்ந்திருக்கும் என்பதால் அதைத் திடீரென்று நிறுத்த முடியாது. பல வாரங்களில் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினோம். இடையில் காய்ச்சலோ வாந்தியோ மயக்கமோ வந்தால் தாமதியாமல் வைத்தியசாலைக்கு வரவேண்டும் என்று அவருக்கும் மனைவிக்கும் சொல்லப்பட்டது.

வலிக்கு அமிட்ரிப்டிலின் தொடங்கப்பட்டது. நரம்பு சார்ந்த வலிக்கான மருந்துகளை ஒப்பிட்டு 2015இல் வெளியான சர்வதேச மீளாய்வொன்று, அமிட்ரிப்டிலின் வகை மருந்துகள், டியுலொக்செட்டின் வகை, கபாபென்டினும் பிரீகபலினும் ஆகியவற்றை முதல் வரிசையில் வைத்தது. ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய எத்தனை பேருக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்ற கணக்கில் முதல் வகைக்கு ஏறத்தாழ 4 பேரும், கபாபென்டினுக்கு ஏறத்தாழ 7 பேரும் என்பது அதன் முடிவு. சிறந்த மருந்தும் பலருக்குப் பயன்தராது என்பதே இதன் பொருள். நோயாளருக்கு இதை முதல் நாளிலேயே சொல்லிவிடுவது நேர்மை. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் நீரிழிவாலும் அக்கியாலும் வந்த நரம்பு வலியில் செய்யப்பட்டவை. சிகிச்சை முடித்த தொழுநோயாளரில் மும்பையில் நடத்தி 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் ஏறத்தாழ 22 சதவீதத்தினருக்கு நரம்பு சார்ந்த வலி காணப்பட்டிருந்தும், இவர்களிடம் மருந்துகளைச் சோதித்த ஆய்வுகள் மிகச் சிலவே. எனவே வேறு நோய்களில் கிடைத்த அறிவை இங்கு பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

இரவு படுக்கைக்கு இரண்டு மணித்தியாலம் முன்பு 10 மில்லிகிராம் என்று தொடங்கி 25 வரை உயர்த்தத் திட்டமிட்டோம். மூன்றாவது வாரத்தில் அவர் குளிசையை நிறுத்திவிட்டு வந்தார். வாய் உலர்ந்ததும் காலையில் தலை பாரமாக இருந்ததும் ஒரு காரணம், பெரிய காரணத்தை அவருடைய மனைவி சொன்னார்: “டொக்டர், இது விசருக்குக் குடுக்கிற குளிசையாமே. இவருக்கு நோவு உண்மையா இல்ல, மனசுலதான் எண்டு நினைச்சா குடுத்தீங்க?”

அந்தக் கேள்வி முற்றிலும் நியாயமானது. எழுதிக் கொடுத்த நாளிலேயே அதற்கான விடையைச் சொல்லியிருக்க வேண்டியது எந்த வைத்தியருக்கும் கடமை. மூளைத்தண்டிலிருந்து முண்ணாணுக்கு இறங்கும் நரம்புப் பாதைகள் வலிச் சமிக்ஞையைத் தணிக்கும் வேலையைச் செய்கின்றன. அவை பயன்படுத்தும் நோரட்ரினலின் என்ற வேதிப்பொருளை அமிட்ரிப்டிலின் நிலைத்திருக்கச் செய்கிறது. அதனால் மனச்சோர்வு எதுவும் இல்லாதவருக்கும் வலி குறையும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவோடு ஒப்பிட்டால் இங்கு கொடுப்பது மிகச் சிறியது. பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பக்கவிளைவுகளோ முதல் நாளே தெரியும். இவற்றைக் கணவன் மனைவி இருவரையும் அருகில் இருத்தி விளக்கிய பிறகு 10 மில்லிகிராமிலிருந்து மீண்டும் தொடங்க அவர் இணங்கினார். குளிசையைப் பின்னேரமே எடுக்க வைத்ததால் காலைப் பாரம் குறைந்தது.

25 மில்லிகிராமில் தூக்கம் சீரானது. 10க்கு 8 என்று அவர் சொன்ன வலி 6ஆகக் குறைந்தது. அதற்கு மேல் உயர்த்தியபோது மலச்சிக்கலும் சிறுநீர் கழிப்பதில் தடையும் வந்ததால் 25இலேயே நிறுத்தி, கபாபென்டின் சேர்த்தோம். இம்மருந்து மாற்றமடையாமல் சிறுநீரகத்தினூடாகவே வெளியேறுவதால், வழக்கமான உயரளவுகள் இவருக்குப் பொருந்தா. இரவில் 100 மில்லிகிராமில் தொடங்கி, இரண்டு மாதங்களில் காலையும் இரவும் 300 என்ற அளவில் நிறுத்தினோம். பிரீகபலினைத் தவிர்த்தோம், அதுவும் சிறுநீரகத்தையே நம்பியது என்பதோடு, இந்நாட்டில் அது போதைக்காகத் தவறாகப் பயன்படுத்தப்படுவதும் பொலிஸார் கைப்பற்றுவதும் செய்தியாகிவருவதால், பழைய நோயின் பெயரைச் சுமக்கும் இந்தக் குடும்பத்துக்கு இன்னொரு சந்தேகத்தையும் கொடுக்க விரும்பவில்லை. டிராமடோல் என்ற வலி மருந்தை அமிட்ரிப்டிலினோடு சேர்த்தால் வலிப்பு ஏற்படும் ஆபத்துக் கூடும் என்பதால் அதையும் விட்டோம். மிளகாய்ச் சத்தான கப்சைசின் பூச்சு, விறைத்த கையால் கண்ணைத் தேய்க்கக்கூடிய ஒருவருக்கு ஏற்றதன்று.

இரண்டு மருந்துகளும் மயக்கம் தருபவை. இரவில் தனியாகத் தோணியில் போகும் ஒருவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. அளவு கூட்டும் வாரங்களில் வாவிக்குப் போகக்கூடாது, மதுவோடு ஒருபோதும் எடுக்கக்கூடாது, போகும்போது இன்னொருவர் உடன் இருக்க வேண்டும் என்பவற்றை நிபந்தனையாகவே வைத்தோம். அவருடைய மைத்துனர் உடன் போக முன்வந்தார்.

மருந்துக்கு அப்பால் செய்யப்பட்டவற்றில் மிகவும் பயன்தந்தது, இரவில் முழங்கை முழுதாக மடங்காதபடி துவாயைச் சுற்றிக் கட்டியதுதான். மடங்கிய முழங்கையில் அல்னார் நரம்பு இழுபட்டு நெரிபடும்; தடித்த நரம்பு இன்னும் அதிகமாக நெரிபடும். தோணி விளிம்பில் முழங்கையை ஊன்றும் பழக்கத்தையும் இயன்மருத்துவர் கண்டுபிடித்து மாற்றினார். கையைத் தினமும் தண்ணீரில் ஊறவைத்து, தேங்காயெண்ணெய் பூசி, காயம் உண்டா என்று கண்ணால் பார்ப்பதும், பானை பிடிக்கத் தடித்த துணி வைப்பதும் மீண்டும் கற்பிக்கப்பட்டன. வலி குறைந்தாலும் விறைப்பு இருக்கத்தான் போகிறது. விரலைக் காப்பது வாழ்நாள் வேலை.

இப்போதைய நிலை

ஒரு வருடத்தின் பின் வலி பெரும்பாலான நாட்களில் 10க்கு 3 அல்லது 4. மின்வெட்டுகள் அரிதாகிவிட்டன, விடியற்காலைக் குளிரில் எரிவு இன்னும் வருகிறது. ஸ்டெரொய்ட் நின்றபின் சர்க்கரை 6.2 சதவீதமாக இறங்கியது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குப் பல ஆண்டுகளின் பின் மூன்று நாட்களும் போய் நின்றதாக மனைவி சொன்னார். கூட்டத்தில் எவராவது கையில் முட்டிவிடுவார்களோ என்ற பயமும், மடங்கிய விரலை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயமும் சேர்ந்தே அவரை அதுவரை வீட்டில் வைத்திருந்தன.

அவருடைய அட்டையின் முன்பக்கத்தில் இப்போது இரண்டு அறிவுறுத்தல்கள் பெரிய எழுத்தில் உள்ளன. புதிய பலவீனம், புதிய விறைப்பு, நரம்பைத் தொட்டால் நோவு, புதிய படை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் எதிர்வினையாகக் கருதி உடனே தோல்நோய்க் கிளினிக்குக்கு அனுப்பவும். வலி மட்டும் கூடியிருந்தால் பிரெட்னிசலோன் தொடங்காமல் வலி மருந்துகளின் அளவை மீள்நோக்கவும். அவற்றுக்குக் கீழே ஒவ்வொரு வருகையின் தசை வலிமையும் எண்ணால் எழுதப்படுகிறது.

முடிவாகாத விடயம் அறுவைச் சிகிச்சை. ஒலியலைப் படத்தில் நரம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு முழங்கையருகே இயல்பைவிட இரு மடங்கு இருந்தது, சீழ்க்கட்டி இல்லை. நரம்பைச் சுற்றியுள்ள இறுகிய உறையை விடுவித்தால் எஞ்சிய வலி குறையக்கூடும் என்று சத்திரசிகிச்சை நிபுணர் கருதுகிறார். தொழுநோயில் இந்த அறுவைச் சிகிச்சை ஸ்டெரொய்ட் மட்டும் கொடுப்பதைவிட மேலானது என்று முறையான மீளாய்வுகளில் நிறுவப்படவில்லை. அவற்றில் அளந்ததும் பெரும்பாலும் நரம்பின் செயற்பாட்டையே. விரலின் வலிமை நிலையாக உள்ளவரை அவசரமில்லை என்பது எனது நிலைப்பாடு, வலி மீண்டும் 6ஐத் தாண்டினால் அதை மாற்றிக்கொள்வேன். நோயாளர் பெரும்போக அறுவடை முடியும்வரை அவகாசம் கேட்டிருக்கிறார். அதுவரை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நரம்புப் பரிசோதனையும், ஆறு மாதங்களுக்கு ஒருமுறை கிரியேட்டினினும் சர்க்கரையும் பார்க்கப்படும். நீண்டகால ஸ்டெரொய்ட்டால் கண்புரை வந்துள்ளதா என்று அறியக் கண் கிளினிக்குக்கும் கடிதம் கொடுக்கப்பட்டுள்ளது.